ஒரு கூண்டுக்கு ஆறு பேர்

ஜனவரி 5, திங்கள்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுவந்து கொடுத்தது. டாக்டருக்குத் தோல் அட்டை போட்டது. பில் போடுகிற எனக்கு, அட்டையில் சிறுநீரகம் படம் போட்டது. பரவாயில்லை, உள்ளே எல்லாம் ஒரே தாள்தான். இதை இங்கேயே மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடப் போகிறேன். ஆவடிக்கு, வீட்டுக்குக் கொண்டுபோனால் என் ஓரகத்தி நித்யா ஒரே மூச்சில் படித்துவிட்டு, "என்னக்கா என்னைப் பத்தி இவ்ளோ கம்மியா எழுதியிருக்கீங்க" என்று கேட்பாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல நானும் அவரும் கோலாகலம் போனோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற கேளிக்கைப் பூங்கா. நாலு வருடத்துக்கு முன்னால் அவர் கம்பெனியில் மே தினக் குலுக்கலில், இரண்டு பேர் வருடம் முழுக்கப் போய்வரும் பாஸ் விழுந்தது. அதுவரை எங்களுக்கு விழுந்ததெல்லாம் எவர்சில்வர் டப்பாதான். அப்புறம் வருடா வருடம் நாங்களே காசு கட்டிப் புதுப்பிக்கிறோம்.

அங்கே அப்படி என்னக்கா இருக்கு என்று நித்யா கேட்கிறாள். எனக்குத் தண்ணீர் விளையாட்டு பிடிக்காது. அவருக்கு எதில் ஏறினாலும் தலை சுற்றும். இருந்தாலும் ஜெயன்ட் வீல் என்றால் அவருக்கு உயிர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேட்டில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். 'உங்கள் மகிழ்ச்சியை மேம்படுத்துகிறோம்' என்று கொட்டை எழுத்தில். யாராவது எதையாவது மேம்படுத்துகிறேன் என்று சொன்னால் நான் உடனே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். விஷயம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. மூவாயிரம் ரூபாய் பாஸ், மே மாதத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு. அதற்குப் பெயர் கோல்டு. பழைய விலையிலும் ஒன்று உண்டு, அது சில்வர். சில்வர்காரர்கள் சனி, ஞாயிறு, பண்டிகை நாள், பள்ளி விடுமுறை தவிர மற்ற நாளில் தாராளமாக வரலாம். அதாவது நாமெல்லாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நமக்காகவே திறந்து வைத்திருப்பார்களாம்.

அவர் பலகையை இரண்டு தரம் படித்துவிட்டு, "ரெண்டு பேருக்குப் பதிமூணாயிரமா" என்றார். அப்புறம் ஜெயன்ட் வீலுக்குப் போனோம். வரிசையே இல்லை. கூண்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நாலு தடவை ஏறினோம்.

ஜனவரி 12, திங்கள்

பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயர் 'கோலாகலம் குடும்பத்தார்'. காலையில் ரோஜாப்பூ, ராத்திரி நிலா, நடுவில் யாராவது தொலைத்த குடை. அவ்வளவுதான் இதுவரை நடந்தது. விலை ஏறிய செய்தி வந்ததும் குழு பொங்கிவிட்டது.

அட்மின் தேசிகன் சார், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விளையாட்டிலும் ஏற மாட்டார். பூங்காவைச் சுற்றி ஆறு ரவுண்டு நடப்பார், போகும்போது பாட்டிலில் குடிதண்ணீர் பிடித்துக்கொள்வார். ஒரு தடவை வந்து போக அவருக்கு இருபத்தெட்டு ரூபாய் ஆகிறதாம். எதிரில் யார் வந்தாலும் இதைச் சொல்வார். "இது பகல் கொள்ளை. நாம் ஓரணியில் திரள வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே டெல்ஃபின் மேடம் பதினோரு கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். பள்ளிக்கூட டீச்சர். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் எலுமிச்சைச் சாதத்தைக் குழந்தை டயப்பர் பைக்குள் வைத்துக் கொண்டுவருபவர். அவர் பையன் எட்டாவது படிக்கிறான், மீசை அரும்பிவிட்டது. கேட்டில் இருக்கிற பெண்ணும் நாலு வருடமாக அந்த டயப்பர் பையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் வாரக் கூட்டம். ஜெயன்ட் வீலில் ஒரே ஒரு தடவைதான் ஏற முடிந்தது. நித்யா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அவரிடம் சொன்னேன். "அப்போ அந்த ரூமும் பத்தாதே" என்றார். அதற்குள் கீழே வந்துவிட்டோம்.

ஜனவரி 28, புதன்

குழுவில் பதினைந்து நாளாக ஓரணியில் திரண்டுகொண்டே இருக்கிறார்கள். ஒருத்தர் வழக்குப் போடலாம் என்கிறார், செலவுக்கு ஆளுக்கு நூறு என்றதும் நெட்வொர்க் கிடைக்காமல் போய்விடுகிறார். இன்னொருத்தர் கேட்டில் உட்கார்ந்து உண்ணாவிரதம் என்கிறார், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்.

பொறுக்க முடியாமல் நான் ஒரு யோசனை எழுதினேன். ஒவ்வொரு பாஸோடும் 'நண்பர் கூப்பன்' என்று ஆறு கொடுத்திருக்கிறார்கள். பாதி விலையில் ஆள் கூட்டிவரலாம். யாரும் பயன்படுத்துவதில்லை. ஏப்ரல் முடிவதற்குள் நாம் எல்லோரும் அத்தனை கூப்பனையும் தீர்ப்போம். வாராவாரம் தவறாமல் வருவோம், காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காருவோம், அங்கே ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்க மாட்டோம். அவர்களுக்கு நஷ்டம் வந்தால்தான் புத்தி வரும்.

தேசிகன் சார் அரை மணி நேரத்தில் கணக்குப் போட்டு, தலைக்கு எவ்வளவு நஷ்டம் என்று படம் வரைந்து அனுப்பிவிட்டார். "சுலோச்சனா மேடத்தின் திட்டம் அற்புதம்" என்று நாற்பது பேர் எழுதினார்கள். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் நான் சொன்ன எதையும் யாரும் அற்புதம் என்றது கிடையாது. டீ இடைவேளையில் ஒரு பாதாம் பால் வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

திட்டம் வெற்றி. டெல்ஃபின் மேடம் ஆரணியிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களை இறக்கிவிட்டார். குடிதண்ணீர் மதியத்துக்கே தீர்ந்துவிட்டது. கழிப்பறை வரிசையில் நின்றபடியே தேசிகன் சார் வெற்றிக்குறி காட்டி போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஜெயன்ட் வீலில் இரண்டு தடவை.

பிப்ரவரி 16, திங்கள்

ஒரு தடவை.

மார்ச் 2, திங்கள்

பூங்கா வாசலில் புது பேனர். நிறைய ஜனங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். நடுவில் வெற்றிக்குறி காட்டிக்கொண்டு தேசிகன் சார். 'உங்கள் பேராதரவுக்கு நன்றி' என்று போட்டிருக்கிறார்கள். பெருகிவரும் வரவேற்பை முன்னிட்டு கோல்டு பாஸ் இனி எட்டாயிரமாம். முன்னே போக விரும்புகிறவர்களுக்கு எக்ஸ்பிரஸ் வரிசை, அதற்குத் தனிக் காசு. எங்கள் போராட்டத்தை எங்கள் மூஞ்சியோடு சேர்த்தே போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டார்கள்.

தேசிகன் சார் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். பேனருக்குக் கீழே நின்று இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அதுகூடப் போகட்டும். ஜெயன்ட் வீல் ஓட்டுகிற தணிகைவேல் எங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான். "மேடம், சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கூண்டுக்கு ஆறு பேர் ஆகாம பூட்டக் கூடாதுன்னு ஆர்டர். கூட்டம் அந்த மாதிரி வருது" என்றான். கூட்டம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான்தானே அழைப்பு அடித்தவள்.

எங்களோடு நாலு காலேஜ் பையன்கள் ஏறினார்கள். மேலே போனதும் ஒருத்தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். அந்த அம்மா எனக்கும் வணக்கம் சொன்னார்.

இனிமேல் இதை எழுதாமல் இருந்து பயனில்லை. எங்கள் வீட்டில் இரண்டு ரூம், ஒரு ஹால். ஒரு ரூமில் கொழுந்தனார் ஏழுமலை, நித்யா, அவர்கள் பையன். இன்னொன்றில் அத்தை கன்னியம்மாவும், வீட்டில் இருக்கிற அத்தனை மூட்டையும். ஹாலில் நாங்கள். எங்கள் மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அவள் லீவுக்கு வந்தால் ஹாலில் மூன்று பேர். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் தாகம் அதிகம்.

சினிமாவுக்குப் போகிறோம் என்றால் ஏழுமலை குடும்பமும் கிளம்பும். கோயில் என்றால் அத்தை கிளம்புவார். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக எங்கேயாவது போய்வருகிறோம் என்று எங்கள் வீட்டில் சொல்ல முடியாது. என்ன விஷயம், உடம்பு சரியில்லையா, சண்டையா என்று கேள்வி வரும். ஆனால் ஒரே ஒரு வார்த்தை மட்டும் எல்லோர் வாயையும் அடைக்கும். காசு கட்டியாச்சு. பாஸுக்குக் காசு கட்டியாச்சு, போகாவிட்டால் வீண். அத்தைகூட, "போங்க போங்க, கட்டின காச வுடாதீங்க" என்று அனுப்பி வைப்பார்.

நாலு வருடமாக நாங்கள் பேசியதெல்லாம் அந்தக் கூண்டில் பேசியதுதான். மகளை நர்சிங் சேர்த்தது அங்கேதான் முடிவானது. என் மார்பில் கட்டி என்று பயந்து, எங்கள் சென்டரிலேயே பார்த்து, ஒன்றுமில்லை என்று வந்த ரிசல்டை அவரிடம் சொன்னதும் அங்கேதான். அன்றைக்கு அவர் அழுதார். தலை சுற்றலோ என்று தணிகைவேல் சோடா வாங்கிக் கொடுத்தான்.

மார்ச் 16, திங்கள்

எங்கள் ரிசப்ஷனிஸ்ட் ஜெசிமா இன்றைக்கு ஒரு செய்தி சொன்னாள். பட்டாபிராமில் அவள் மாமா வீட்டு மாடி போர்ஷன் காலியாகிறது. ஒரு ரூம், சமையலறை, வெளியே துணி காயப்போட மொட்டை மாடி. இருக்கிறவர்கள் ஏப்ரல் முடிவில் போகிறார்கள். மே ஐந்தாம் தேதி வரைக்கும் உங்களுக்காக வைத்திருக்கச் சொல்கிறேன், அதற்கப்புறம் மாமா புரோக்கரிடம் சொல்லிவிடுவார் என்றாள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சின்ன ரூம்தான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. அதை நாலைந்து தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். தாழ்ப்பாள் கெட்டியா இருக்கான்னு பாக்கறேன் என்று ஜெசிமாவிடம் சொன்னேன்.

இதை அவரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் வரிசை. அப்புறம் கூண்டில் திண்டிவனத்துக்காரர் ஒருவர், குடும்பத்தோடு. எங்களுக்கு நடுவில் அவர் மாமியார்.

இன்னொரு விசேஷம். 'இனிய இருவர் கூண்டு' என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டே பேர், சிவப்பு மெத்தை, ஒரு சுற்றுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். எங்களிடம் சும்மா இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுபோய் மெத்தை தைத்து எங்களுக்கே விற்கிறார்கள். அவர் அந்த விலைப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் காசுல ஒரு வாரம் காய்கறி வாங்கலாம்" என்றார். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நிமிடம் அந்தச் சிவப்பு மெத்தையில் உட்காரலாமா என்று ஆசையாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

ஜெயன்ட் வீல்தான் வேண்டுமா, வேறு இடத்தில் பேச முடியாதா என்று ஜெசிமா கேட்டாள். முயற்சி செய்யாமலா இருப்பேன்.

வண்டியில் போகும்போது ஹெல்மெட்டும் கன்டெய்னர் லாரியும். போனில் செய்தி அனுப்பலாம் என்றால், அவர் வீட்டுக்கு வந்ததும் போன் ஏழுமலையின் பையனிடம் போய்விடும். விளையாடிக்கொண்டே வருகிற செய்தியெல்லாம் உரக்கப் படிப்பான், "பெரியப்பா, கேஸ் மானியம் வந்துட்டுச்சு" என்று. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் டெல்ஃபின் மேடம் எலுமிச்சைச் சாதத்தோடு வந்துவிடுகிறார்.

நேற்று வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். "பட்டாபிராம்ல ஒரு வீடு பாத்தேங்க" என்றேன். அவர் முகம் மாறியது. முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு, "மேல போய்ப் பேசிக்கலாம் சுலோ" என்றார். மேலே போனால் ஆறு பேர். கீழே இறங்கியதும் மறுபடி கேட்டேன். "அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்றார்.

இடம் மட்டுமே காரணம் இல்லை, அது எனக்குத் தெரியும். கால் தரையில் பட்டுவிட்டால் அவர் கன்னியம்மாவின் மூத்த மகன் கோதண்டம். மேலே போனால்தான் என் புருஷன். அப்பா போனபிறகு அம்மாவைத் தனியாக விடக் கூடாது என்று அவர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. யாரும் கேட்காமலே செய்துகொண்ட சத்தியத்திலிருந்து அவரை யார் விடுவிப்பது. எனக்கு அவர் மேல் கோபம்தான். ஆனால் அந்தச் சமயத்தில் அவர் முழிப்பதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 13, திங்கள்

நேற்று இரண்டு மணி நேர வரிசை. பாதியில் அவருக்குத் தலை சுற்றியது. ஏறாமலே வந்துவிட்டோம். ஏறாமலே தலை சுற்ற வைக்கிற அளவுக்கு மகிழ்ச்சியை மேம்படுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 20, திங்கள்

குழு குலைந்துவிட்டது. பதினைந்தாம் தேதிக்குள் கோல்டு வாங்கினால் தொப்பி இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். நேற்று போய்ப் பார்த்தால் பூங்கா முழுக்க மஞ்சள் தொப்பி. ஓரணியில் திரண்டது வீண் போகவில்லை, எல்லோருக்கும் ஒரே தொப்பி.

தேசிகன் சார் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. "என்ன சார், பகல் கொள்ளைன்னீங்களே" என்று கேட்டேன். "இல்லம்மா, உக்காந்து கணக்குப் போட்டேன். வாரம் மூணு தடவை வந்தா ஒரு தடவைக்கு ஐம்பத்தோரு ரூபாதான் ஆகுது" என்றார். வாரம் முப்பது தடவை வந்து வாசலைத் தொட்டுவிட்டுப் போனால் இன்னும் குறையும் சார் என்றேன். அவர் அதை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்ததைக் கண்ணால் பார்த்தேன்.

டெல்ஃபின் மேடம் மட்டும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பையன் ஸ்கூல்ல யாரோடயும் சேர மாட்டேங்கறான் சுலோச்சனா. இங்க வந்தா மட்டும்தான் சிரிக்கிறான். நான் என்ன பண்ணட்டும்" என்றார். அவர் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை வாங்கிக்கொண்டேன். நல்ல புளிப்பு.

எங்களால் பதினாறாயிரம் கட்ட முடியாது. அடுத்த ஞாயிறுதான் கடைசி.

ஏப்ரல் 27, திங்கள்

கடைசி ஞாயிறும் முடிந்தது.

வெயில் கொளுத்துகிறது, பள்ளிக்கூடம் வேறு விட்டாயிற்று. காலையில் போனவுடன் வரிசையில் நின்றோம். நகர நகர, எக்ஸ்பிரஸ்காரர்கள் பக்கத்து வழியில் கையை வீசிக்கொண்டு போனார்கள். மதியம் ஆகிவிட்டது. எங்களைப் பார்த்து தணிகைவேல், "மேடம், முடிஞ்சா ரெண்டு பேரா விட்டிருப்பேன்" என்றான். அவன் சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார்.

எங்கள் கூண்டில் ஒரு அக்கா, அவர் புருஷன், இரண்டு சின்னப் பெண்கள். அக்கா மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். ஆரணியாம். டெல்ஃபின் மேடம் கொடுத்த கூப்பனில் வந்தவர்கள். என் திட்டத்தில் வந்த கூட்டத்தின் கடைசி நாலு பேர் என் எதிரிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்கள்.

கூண்டு மேலே ஏற ஆரம்பித்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் வெளியே பார்த்தார். இன்னும் ஒரு சுற்றுதான் மிச்சம், அப்புறம் நாங்கள் பேச இந்த உலகத்தில் இடம் கிடையாது என்று நினைத்ததும் எனக்கு வெட்கம் போய்விட்டது.

"பட்டாபிராம் வீட்ட அஞ்சாம் தேதி வரைக்கும்தான் வச்சிருப்பாங்க. நாம தனியாப் போகணும். எனக்கு ஒரு கதவு வேணும்" என்றேன். ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் காது சிவந்துவிட்டது. "சுலோ, இங்க வச்சா" என்றார்.

"வேற எங்க வச்சு" என்றேன்.

அக்கா கடலை உரிப்பதை நிறுத்தினார். "எத்தினி வருஷமா சேந்து இருக்கீங்க?"

"இருபத்தோரு வருஷம்."

"யாரெல்லாம்?"

சொன்னேன். ஹாலைப் பற்றியும் சொன்னேன். அக்கா தன் புருஷனை ஒரு முறை பார்த்தார், அவர் உடனே பெண்களுக்கு ரயில் எங்கே போகுது பாரு என்று காட்ட ஆரம்பித்தார். காட்டிக்கொண்டே, "இருந்தாலும் பெத்த தாய வுட்டுட்டுப் போறதுன்னா..." என்று இழுத்தார்.

"நீ சும்மா இருய்யா. நாம தனியா வந்து ஒம்பது வருஷம் ஆவுது. உங்கம்மா அப்புறந்தான் எங்கிட்ட நல்லாப் பேசுச்சு" என்றார் அக்கா. பிறகு இவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

ஆட்களை ஏற்ற கீழே சக்கரத்தை நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் உச்சியில். அவருக்குத் தப்பிக்க வழியே இல்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அம்மாவுக்கு மனசு உடைஞ்சிடும்" என்றார்.

"கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"கேட்டதில்ல."

"அப்போ கேளுங்க. எப்போ கேப்பீங்க?"

நாலு வருடத்தில் நான் கேட்டிராத கேள்வி. சும்மா 'கேளுங்கள்' என்பதோடு நான் நின்றுவிடுவேன். எப்போது என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழம" என்றார் அவர்.

"சொல்லிட்டாரு பாரு. நாங்க ஆறு பேரு சாட்சி" என்று சொல்லிவிட்டு அக்கா எனக்கு ஒரு கை வேர்க்கடலை கொடுத்தார். ஆறில் நானும் ஒருத்தி, அவரும் ஒருத்தர் என்பதை நான் திருத்தவில்லை.

இறங்கும்போது அந்தப் பெண்களில் சின்னது என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

பாஸ் இன்றோடு முடிகிறது. போனில் குறுஞ்செய்தி வந்தது. 'உங்களைப் பிரிய எங்களுக்கு மனமில்லை.' கீழே எட்டாயிரம் கட்ட லிங்க்.

மே 4, திங்கள்

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் ஏழுமலை, நித்யா, பையன் மூன்று பேரும் வழக்கம்போலத் திருநின்றவூரில் நித்யாவின் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். நானும் அவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அவர் பேப்பரில் வரிவிளம்பரத்தை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு மறுபடி மேலே போனார். கேட்கிறேன் என்று கண்ணால் காட்டுவார், அத்தை பக்கத்தில் வந்ததும் "அம்மா, தண்ணி குடிச்சியா" என்பார். இப்படியே மூன்று தடவை தண்ணீர் குடிக்க வைத்துவிட்டார்.

அத்தையும் நிலைகொள்ளாமல் இருந்தார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"இன்னா, இன்னிக்கி கெளம்பலியா?"

"பாஸ் முடிஞ்சிபோச்சும்மா" என்றார் அவர்.

"முடிஞ்சா புதுசு வாங்கறது."

"வெல ஏத்திட்டாங்க. ரெண்டு பேருக்குப் பதினாறாயிரம்."

அத்தை உள்ளே போனார். மூட்டைகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. சுருக்குப்பையோடு திரும்பி வந்தார். "எங்கிட்ட பென்ஷன் காசு இருக்குது. எவ்ளோ கொறையுது, சொல்லு."

இப்படிப்பட்ட மனுஷியை விட்டுப் போகவா நினைத்தோம் என்று எனக்கு இருந்தது. அவர் அழவே ஆரம்பித்துவிட்டார். "வேணாம்மா. அந்தக் காச நீ வச்சுக்கோ. இனிமே நாங்க ஞாயித்துக்கிழமயும் உன்கூட வீட்லயே இருக்கோம்" என்றார்.

"வீட்லயா" என்றார் அத்தை. "வாரா வாரமா?"

போன வருடம் தனக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோதுகூட அத்தை முகத்தில் அந்தக் கலவரத்தை நான் பார்த்ததில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க போயிடுவீங்க. சின்னவன் மாமியா வூட்டுக்குப் போயிடுவான். பத்து மணிலேருந்து பொழுது சாயற வரிக்கும் இந்த வூட்ல நான் ஒருத்திதான். இந்த ஃபேனுக்கு நேரா காலை நீட்டிப் படுப்பேன். அம்மா அது எங்க, அத்த இது எங்கன்னு ஒருத்தர் கேக்க மாட்டீங்க. நெத்திலி வாங்கி எனக்கு மட்டும் வறுத்துத் துன்னுட்டு, ஊதுவத்தி கொளுத்தி வச்சிடுவேன். நாலு வருஷமா அந்த ஒரு நாளைக்குத்தான் எனக்கு மூச்சு வருது. அதுக்குத்தான் சொல்றேன், காச வாங்கிக்கினு போங்க."

நித்யாவுக்கு மீன் வாடை ஆகாது என்று எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஊதுவத்தி மணக்கும். அத்தைக்கு வயதாக ஆகப் பக்தி கூடுகிறது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். கூண்டில் வைத்துத்தான்.

இதற்கு மேல் காத்திருந்தால் நான் மனுஷியே இல்லை. "அத்தை, பட்டாபிராம்ல ஒரு மாடி போர்ஷன் பாத்திருக்கேன். நாங்க ரெண்டு பேரும் அங்க போகலாம்னு" என்றேன். வார்த்தையை முடிக்கவில்லை.

"அட்வான்ஸ் குடுத்தாச்சா?"

"இல்ல. உங்களைக் கேக்காம எப்படின்னு..."

"ஒரு வார்த்தை கேக்கறதுக்கா வாரா வாரம் அம்மாந்தூரம் போயி ராட்டினம் சுத்தனீங்க?"

நாங்கள் எதற்குப் போனோம் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாலு வருடம், அத்தனை காசு, அத்தனை வெயில். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் மூச்சு முட்டிக்கொண்டு, அடுத்தவர் மனசு உடைந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவருக்கு வந்தது ஆத்திரம் இல்லை. சின்னப் பிள்ளையைப் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒரு பேச்சுக்காவது 'இருடா'ன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

அத்தை சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டே, "சொன்னா இருந்துடுவ. அதான் சொல்லல" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பிறகு அத்தை எழுந்து, "வூட்டுக்காரரு வேற யாருக்காச்சும் குடுத்துடப் போறாரு. இப்பவே போயி அட்வான்ஸ் குடுத்துட்டு வாங்க. சாயந்தரத்துக்கு முன்ன வந்துடாதீங்க" என்று சொல்லி வாசல் வரைக்கும் எங்களைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் கதவு சாத்தப்பட்டு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.